ரங்கி தண்ணீரில் விழாத புத்தகங்கள்

மன்னி, இன்று காலை காப்பி டம்ளரோடு கூடத்துக்கு வந்தேன். பென்சில் சீவிய வாசனை குப்பென்று வந்தது. உங்கள் பேத்தி உஷா நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து, காலேஜுக்குத் தவளையின் வயிற்றைப் படம் போட வேண்டும் என்று பென்சிலைக் கூராக்கிக்கொண்டிருந்தாள். சீவல் எல்லாம் தரையில். அப்போதுதான் துடைத்துவிட்டுப் போன தரை. வேறு நாளாக இருந்தால் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். இன்று அந்த வாசனை என் வாயை அடைத்துவிட்டது. அடையாற்றில் மாடி வீட்டில் நின்றுகொண்டிருந்தவள் மயிலாப்பூர் வீட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டேன்.

ஒரு வாரமாக அவள் என் டிரங்குப் பெட்டியைக் குடைந்து, நீங்கள் எழுதிய சின்னச் சின்னப் புத்தகங்களைப் படித்துத் தீர்த்துக்கொண்டிருக்கிறாள். பரீட்சைக்குப் படி என்றால் தலையை வலிக்கும். இதற்கு மட்டும் ஒரு வலியும் இல்லை. என்னைக் கண்டதும் பிடித்துக்கொண்டாள்.

"அத்தைப் பாட்டி, எனக்கு ஒண்ணு புரியல. எல்லாக் கதையிலயும் ரங்கி ஏதாவது ஒரு ரூம்ல அடைபட்டுக் கிடக்கறா. மூணு நாள் கழிச்சு வெளிய வந்து, கடைசிப் பக்கத்துல தொப்புனு தண்ணில விழறா. கடல், குளம், கால்வாய், எதுவும் கிடைக்கலேன்னா குதிரைக்குத் தண்ணி காட்டற தொட்டி. ஆனா நடுவுல சில புக்ல மட்டும் விழவே இல்ல. பாட்டிக்கு மறந்துபோச்சா?"

"காப்பி ஆறிடும், அப்பறம் சொல்றேன்" என்று நழுவிவிட்டேன். பதில் தெரியாமல் இல்லை. விஷயம் உங்களுடையது. உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் அவிழ்த்துவிடுவது எப்படி என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

குளத்துக்கு மேற்கே அந்தச் சந்து வீட்டில் நாம் நான்கு பேர். அம்மா, வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்த அண்ணா, அண்ணாவைக் கட்டிக்கொண்டு வந்த நீங்கள், நான். எனக்குக் கல்யாணம் ஆகி அது முடிந்தும் போயிருந்தது. அதைப் பற்றி இங்கே பேச்சில்லை. தியாகராய நகரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை கிடைத்திருந்தது. மாம்பலத்துப் பக்கம் அப்போதுதான் வீடு வீடாக எழும்பிக்கொண்டிருந்த ஊர். காலையில் போவேன், சாயங்காலம் செம்மண்ணோடு திரும்பி வருவேன். நீங்கள் விடியும் முன்னே குளித்து மடி கட்டி அடுப்படிக்குள் நுழைந்தால், இரவு பாத்திரம் கவிழ்த்த பிறகுதான் முதுகை நிமிர்த்துவீர்கள். பென்சிலைத் தொட ஏது நேரம்.

ஆனால் மாதத்தில் மூன்று நாள் உண்டு. அந்தக் காலத்து வழக்கம். அந்த நாட்களில் வீட்டுப் பெண் விலகி, கொல்லைப்பக்கத்துச் சின்ன அறையில் உட்கார வேண்டும். ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு டம்ளர். அவளை யாரும் தொடக்கூடாது, அவளும் எதையும் தொடக்கூடாது, அடுப்படிப் பக்கம் தலைகாட்டக் கூடாது. நான்காம் நாள் விடியலில் தலை முழுகிவிட்டுத்தான் உள்ளே வரலாம். என் முறை வந்தால் சுவரைத் திட்டிக்கொண்டே தூங்குவேன். நீங்கள் போகும் அழகே வேறு. பிறந்த வீட்டுக்கு வண்டி ஏறுகிற மாதிரி போவீர்கள். "ஜானா, இந்த மூணு நாள்தாண்டி என்னை யாரும் ஏவ முடியாது" என்று என்னிடம் ரகசியமாகச் சொல்லுவீர்கள்.

அந்த மூன்று நாளில் ஒரு கதை முடிந்துவிடும். சும்மா சொல்லக்கூடாது, அடேயப்பா, என்ன வேகம். ஒவ்வொரு மாதமும் ஒரு புத்தகம். சந்துபொந்தெல்லாம் துப்புத் துலக்குகிற ரங்கி என்ற பெண், அவளோடு எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் பண்ணுகிற ஓர் ஆடு. ஆட்டுக்கு வக்கீல் என்று பெயர் வைத்தீர்கள். அண்ணாவின் எஜமானர் மேல் உங்களுக்கு இருந்த கோபம் ஊருக்கெல்லாம் இப்படித்தான் தெரிய வேண்டும் என்று இருந்தது போலும்.

முதல் கதை ஞாபகம் இருக்கிறதா? மை தொட்டு எழுதியிருந்தீர்கள். தீட்டுக் காகிதத்தை எப்படி வீட்டுக்குள் கொண்டு வருவது என்று பயந்து, நான் ஒரு சொம்பு தண்ணீரை அதன் மேல் தெளித்தேன். அம்மா எல்லாவற்றுக்கும் அப்படித்தானே செய்வாள். ரங்கி திருடனைப் பிடித்த அத்தியாயம் அப்படியே நீலக் குழம்பாக ஓடியது. நீங்கள் வாயில் புடவைத் தலைப்பைத் திணித்துக்கொண்டு சிரித்தீர்கள். "படிச்ச வாத்தியாரம்மா பண்ற காரியமாடி இது?" அதோடு மை போயிற்று, பென்சில் வந்தது. தண்ணீர் தெளிப்பதையும் விட்டோம். கம்பளிக்குத் தீட்டில்லை என்று பெரியவர்களே சொல்லியிருக்கிறார்கள் அல்லவா? நீங்கள் காகிதத்தைக் கம்பளித் துண்டின் மேல் வைப்பீர்கள், நான் கம்பளியோடு சுருட்டிக்கொண்டு ஓடிவிடுவேன். சாஸ்திரமும் பிழைத்தது, கதையும் பிழைத்தது.

வெளி உலகத்துக்கு நான்தான் உங்களுக்குக் கண். கட்டுமரத்தை எப்படித் தள்ளுவார்கள் என்று கேட்டு வரச் சொல்லி என்னைச் சாந்தோம் கடற்கரைக்கு அனுப்பினீர்கள். மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம், கட்டுமரத்தில் ஆட்டை ஏற்றலாமா என்று கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆடு இன்னாத்துக்குமா கடலுக்கு? அத்தோட வவுத்துல கீறதெல்லாம் உம் மேலதான் வரும்."

வந்து சொன்னதும் நீங்கள் துள்ளிக் குதித்தீர்கள். வக்கீல் பாலவாக்கம் கடலில் கொள்ளைக்காரன் மடியில் வாந்தி எடுத்த கதையை என் வகுப்புப் பிள்ளைகள் எத்தனை தடவை கேட்டார்கள் என்று கணக்கே இல்லை.

அச்சாபீஸ் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தெரு தள்ளி. நாயுடு என்று ஒருவர். அவரே முதலாளி, அவரே மேஸ்திரி, மிஷின் நின்றால் அவரே மெக்கானிக். எழுதுகிறவர் வெளியே வராத ஒரு பெரியவர், என் மாமா முறை என்று சொல்லி வைத்திருந்தேன். அட்டையில் போடப் பெயர் கேட்டார். மாமா சொல்லவில்லை என்றேன். அவரே 'பட்டாசு மாமா' என்று வைத்துவிட்டார். அவருக்கு உங்கள் மேல் ஒரே ஆச்சரியம்.

"நானும் எத்தினியோ எழுத்தாளரப் பாத்துட்டேன் டீச்சரம்மா. எல்லாரும் இன்னிக்கு நாளைக்குன்னுவான். உங்க மாமா கெடியாரம் மாதிரி குடுக்கறாரு. மாசத்துக்கு மாசம் ரெண்டு நாள் முன்னாடியே வேற வந்துருது. இன்னா சூட்சுமம்?"

 ரொம்ப ஒழுங்கான மனுஷர் என்றேன். இதைச் சொன்னபோது நீங்கள் சிரித்துச் சிரித்துப் புரையேறி, டம்ளர் தண்ணீரைக் கொட்டிக்கொண்டீர்கள்.

இத்தனை சிரிப்புக்கும் நடுவில் ஒன்று இருந்தது, மன்னி. நீங்கள் பாயை விரிக்கும் ஒவ்வொரு மாதமும் அம்மாவின் முகம் தொங்கிப்போகும். கல்யாணமாகி வருஷங்கள் ஓடியிருந்தன, தொட்டில் ஆடவில்லை. 'இந்த மாசமும் இல்லையா' என்று அவள் வாய் திறந்து கேட்டதில்லை. கேட்காமலே கேட்பாள். நீங்கள் உள்ளே போய்ச் சற்று நேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பீர்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். அதன் பிறகுதான் பென்சிலைச் சீவும் சத்தம் கேட்கும்.

ஒரு தீபாவளிச் சமயத்தில் நாயுடு ஒரு யோசனை சொன்னார். "கதைய முடிக்காம வுடச் சொல்லுமா. கொயந்தைங்க அடுத்ததுக்குத் துடிக்கணும்." உங்களுக்குக் கேட்க வேண்டுமா? அடையாற்றுப் பக்கம் பாழடைந்த பங்களா. மூன்று நாளாக அடைபட்டிருந்த ரங்கி தப்பி ஓடும்போது கிணற்றுத் தண்ணீரில் தொப்பென்று விழுகிறாள். கப்பியில் ஓடும் கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாள். மறுநுனி வக்கீலின் கழுத்தில். மேலே நிற்கிற வக்கீலுக்குப் பசி. கயிற்றைக் கடிக்க ஆரம்பிக்கிறது. தொடரும்.

சந்தில் கலவரம் ஆகிவிட்டது. எதிர்வீட்டுப் பையன் சாப்பிட மாட்டேன் என்று படுத்துவிட்டான். நான் கொல்லைப்பக்கம் பிள்ளைகளை உட்கார்த்தி வைத்து ஒவ்வொரு புத்தகத்தையும் வாசிப்பது வழக்கம். அம்மா அரிசி புடைத்துக்கொண்டு காதைக் கொடுப்பாள். அவளே மறுநாள் என்னிடம் கேட்டாள்: "ஏண்டி ஜானா, அந்த ஆடு கயித்தை முழுக்கத் தின்னுடுத்தா?"

அந்த மாதம் பார்த்து உங்களுக்கு நாள் தள்ளிப்போயிற்று.

முதலில் நாம் இரண்டு பேரும் நம்பவில்லை. பிறகு நீங்கள் தாளிக்கிற வாசனைக்கு வாயைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினீர்கள். வீடே மாறிவிட்டது. அம்மா கபாலீசுவரர் கோயிலுக்கும் வீட்டுக்குமாக நடந்தாள். அண்ணா முதல் தடவையாக உங்களுக்குப் பூ வாங்கி வந்து, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் என்னிடம் கொடுத்தான். நீங்களும் சந்தோஷமாகத்தான் இருந்தீர்கள். கன்னத்தில் அது தெரிந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் கொல்லை அறையை ஒரு பார்வை பார்த்தீர்களே, அதை நான் மட்டும்தான் பார்த்தேன். இனி அந்த மூன்று நாள் கிடையாது. ரங்கி கிணற்றில் தொங்கிக்கொண்டிருக்கிறாள்.

நாயுடு என்னைப் பிடித்துக்கொண்டார். "இன்னா டீச்சரம்மா, பொண்ணு கெணத்துல தொங்கிக்கினு கீது, ஆடு கவுத்த துன்னுகினு கீது, உங்க மாமா இன்னா பண்ணிக்கினு கீறாரு?"

உடம்பு சரியில்லை என்றேன். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் தொழில் அது. "அடுத்த வாரத்துக்குள்ள வரலன்னா வேற ஆள வெச்சு எழுத வேண்டியதுதான். பட்டாசு மாமான்றது நான் வெச்ச பேருதானே? ஒரு பையன் ரெடியா கீறான். ஆடு வாணாம், நாயா மாத்திடலாம்ன்றான்."

எனக்கு வந்ததே கோபம். வீட்டுக்கு வந்து மூச்சு வாங்க உங்களிடம் சொன்னேன். ரங்கியை வேறொருவன் எழுதப்போகிறான் என்றபோதுகூட நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றீர்கள். "வக்கீலை நாயாக்கறதாடி?" என்று சொல்லும்போதுதான் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நீங்கள் சமைத்துக்கொண்டே சொல்வது, நான் எழுதிக்கொள்வது என்று முயன்று பார்த்தோம். அதைப் படித்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. 'ரங்கி மேலே பார்த்தாள். ஆடு கயிற்றைக் கடித்தது. ஐயோ உப்புப் போட்டேனா. போட்டாச்சு. ரங்கி கத்தினாள், ஜானா அந்தக் கரண்டியை எடு.' இடையில் இரண்டு தடவை வாந்தி வேறு. அரைப் பக்கத்துக்கு மேல் நகரவில்லை.

நாயுடு வைத்த கெடுவில் பாதி போய்விட்டது. ஒரு மத்தியானம், எல்லோரும் சாப்பிட்டான பிறகு, நீங்கள் ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தீர்கள். நான் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து வந்தேன். அம்மா வந்துவிட்டாள்.

"எதுக்குடி அழறே? வயத்துல புள்ளைய வெச்சுண்டு அழப்படாது."

நீங்கள் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டீர்கள். எனக்குத்தான் நாக்கு நிற்காதே. "ரங்கி கெணத்துல தொங்கறாம்மா" என்று உளறிவிட்டேன்.

"தெரியும். ஆடு கயித்தைத் தின்னுண்டிருக்கு. அதுக்கு நீங்க ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வெச்சுண்டா ஆச்சா?" உங்களைப் பார்த்தாள். "எழுதறவ நீதானே? ஏத்தி விடேன்."

 அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "நாலாம் நாள் அந்த ரூமை மெழுகறது யாரு? மாசா மாசம் பென்சில் சீவலை வாரிக் கொட்டறது யாரு? எம் புள்ளை வேணா வக்கீலுக்கு எழுதி எழுதிக் கண்ணு மங்கினவன். எனக்குக் கண்ணு நன்னாத்தான் இருக்கு."

அதன் பிறகு குரல் இறங்கிவிட்டது. "ஒவ்வொரு மாசமும் நீ உள்ள போனா, சாமி விளக்கைக் கூட ஏத்தத் தோணாது. அழுதுண்டே மெழுகப் போவேன். சீவலைப் பாத்தா, போறது, இவளுக்கு இதாவது கெடச்சுதேன்னு மனசு ஆறும்டி."

நீங்கள் அவள் காலைக் கட்டிக்கொண்டீர்கள். நான் அடுப்பைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டேன்.

அன்றே அம்மா கொல்லை அறையைப் பெருக்கி, அந்தப் பழைய பாயைச் சுருட்டிப் பரண் மேல் எறிந்துவிட்டு, கல்யாணத்துக்கு விரிக்கிற ஜமக்காளத்தை விரித்தாள். "போய் உக்காரு. மூணு நாள் அடுப்பு என்னோடது. தீட்டு இல்லேன்னா என்ன? யாரும் உன்னைத் தொடப்படாது. நான் சொல்லிக்கறேன்."

நீங்கள் உள்ளே போன மறுநாளே பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள். கொல்லை அறையில் உங்களைப் பார்த்ததும் அவளுக்கு வேறு என்ன தோன்றும்? "அடடா, இந்தத் தடவையும் நிக்கலையா? கொடுத்து வெச்சது அவ்வளவுதான்" என்று உச்சுக்கொட்டினாள்.

என் அம்மா, வாழ்நாள் முழுக்க நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று பயந்தே வாழ்ந்தவள், கையில் கரண்டியோடு மதில் அருகே போய் நின்றாள்.

"நின்னிருக்கு மாமி. புள்ளையும் இருக்கு, கதையும் இருக்கு. எம் மாட்டுப்பொண் எழுதிண்டிருக்கா. கொஞ்சம் மெதுவாப் பேசுங்கோ."

உள்ளே பென்சில் ஒரு நிமிஷம் நின்றதை நான் கேட்டேன். பிறகு மறுபடி ஓடியது.

கிணற்றிலிருந்து எப்படி ஏற்றுவது என்பதில் நீங்கள் திணறியபோது, ஜன்னலுக்கு வெளியிலிருந்து வழி சொன்னதும் அம்மாதான். "பசிச்ச ஆட்டுக்கு எதிர்ல கொழுந்து எலையக் காட்டினா கயித்தை விட்டுட்டு அது பின்னாடி நடக்கும். நடந்தா கயிறு தானே இழுபடும்? அந்தப் பொண்ணு மேல வந்துடுவா." அப்படியே எழுதினீர்கள். கையில் அகத்திக்கீரைக் கட்டோடு அந்த வழியாக வந்த, பருமனான, யாருக்கும் பயப்படாத ஒரு மடிசார் மாமி வக்கீலுக்குக் கீரையைக் காட்டிக்கொண்டே பின்னோக்கி நடந்தாள். ரங்கி மேலே வந்தாள். அச்சான புத்தகத்தை அம்மா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு ஒரே ஒரு குறைதான் சொன்னாள்: "நான் என்ன அவ்வளவு குண்டா?" அண்ணாவும் அப்போதுதான் விஷயம் தெரிந்து படித்தான். ஆட்டை வக்கீல் என்றது யாரை என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கோர்ட்டுக்குக் கிளம்பினான்.

நாயுடு அந்த வேற ஆளைப் பற்றி மறுபடி பேசவே இல்லை. மடிசார் மாமியை அடுத்த புத்தகத்திலும் போடச் சொன்னார். பிரசவம் வரை மாதா மாதம் மூன்று நாள் ஜமக்காளம் விரிந்தது. பையன் பிறந்தான். தொட்டிலை அம்மா ஆட்ட, அப்போதும் விரிந்தது. அம்மா போன பிறகும் விரிந்தது. வயதாகி அந்தத் தொல்லையெல்லாம் நின்ற பிறகும், நீங்கள் மாதா மாதம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். ஏன் என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. ரங்கிக்கு வயது ஏறவே இல்லை, வக்கீலுக்கும் பல் விழவே இல்லை. கடைசியாகப் படுக்கையில் இருந்தபோதுகூட என் கையைப் பிடித்து, "ஜானா, ரங்கியை எங்கயாவது தொங்க விட்டுட்டேனாடி?" என்று கேட்டீர்கள். இல்லை மன்னி, எல்லாக் கதையையும் முடித்துவிட்டீர்கள் என்றேன். சிரித்தீர்கள்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டு வந்ததில், உங்கள் சம்மதம் கிடைத்த மாதிரி இருந்தது. சாயங்காலம் உஷாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன். பாயைச் சொன்னேன், கம்பளியைச் சொன்னேன், நான்காம் நாள் குளியலைச் சொன்னேன். தண்ணீரில் தொப்பென்று விழுவது ஏன் என்று அவளுக்கே புரிந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்து நடுவில் நிறுத்தினாள்.

"அப்போ அந்த விழாத புக்கெல்லாம்?"

"அதுல எல்லாம் உங்கப்பா இருந்தான்டி" என்றேன்.

 ஆடும் கயிறும் போட்ட அந்தப் பழைய அட்டையைக் கையில் எடுத்து, கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டு, "நான் உள்ள உக்காந்துக்கறேன், கூப்பிடாத பாட்டி" என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தவளையின் வயிறுதான். இருக்கட்டும்.

கீழ்வீட்டு அம்மாள் தயிருக்கு உறை வாங்க வந்து, உஷா எங்கே, உஷா எங்கே என்று வாசலிலிருந்தே சத்தமாகக் கூப்பிட்டாள். நான் கரண்டியும் கையுமாகப் போய் நின்றேன். என் வாயிலிருந்து வந்தது அம்மாவின் குரல், மன்னி.

"அவ எழுதிண்டிருக்கா. கொஞ்சம் மெதுவாப் பேசுங்கோ."